இடையில் மூன்று நாள்

கிருமியைப் பிறகு சொல்கிறேன்.
முதலில் அந்த மூன்று நாள்.

பொன்னுரங்கம், வயது நாற்பத்தாறு,
சேலம் – ஏற்காடு பஸ் ஓட்டுகிறவர்.
திங்கள் முதல் வியாழன் வரை காய்ச்சல், மூக்கில் தண்ணீர்,
கட்டிலோடு சேர்த்து அடித்துப்போட்டதுபோல் உடம்பு.
வெள்ளி காலை விட்டுவிட்டது.
"தட்டுவடை செட்டு கேட்டு வாங்கித் தின்னாருங்க,
காரம் பத்தலைன்னு வேற சொன்னாரு"
என்கிறாள் பாவாயி, லேப் வாசலில்,
அதை நான் எங்கேயாவது எழுதிக்கொள்ள வேண்டும் என்பதுபோல்.
வெள்ளி, சனி, ஞாயிறு. ஒன்பது நடை.
இருபது கொண்டை ஊசி வளைவும்
ஹாரன் அடித்து, இறங்கி, மறுபடி ஏறி.
அடிவாரத்தில் வெயில், பாதி மலையில் பனி,
இருமல் ஒன்றிரண்டு. மலை என்றால் இருமல்தானே.

திங்கள் ராத்திரி
போர்வைக்குள் பல் கிட்டித்தது.
துப்பினதில் துரு.

செவ்வாய், இரவு இரண்டு மணி. அந்தத் துரு என் கையில்.
கண்ணாடித் துண்டில் தேய்த்து, தீயில் காட்டி,
ஊதா ஊற்றி, அயோடின் ஊற்றி,
ஸ்பிரிட்டில் கழுவி, சிவப்பு ஊற்றி,
எண்ணெய்ச் சொட்டு வைத்துக் குனிகிறேன்.
ஊதா ஜோடிகள்.
நுனி கூர்ந்து, அடி ஒட்டி,
ஒவ்வொரு ஜோடியைச் சுற்றியும் ஒரு வெளிச்ச வளையம்,
ஏற்காடு ஏரியில் போட்டோவுக்கு நிற்கும்
புதுத் தம்பதிகள் மாதிரி.
அழகுதான். சொல்லக் கூடாது.

பக்கத்து அறை மெஷின் வேறொன்று சொல்கிறது:
மூக்குச் சளியில் இன்ஃப்ளூயன்சா.
என் லென்சுக்கு அது தெரியாது,
மெஷின் சொன்னால் நம்ப வேண்டியதுதான்.
போனில் டியூட்டி டாக்டர்:
"ரெஜினா, எது? வைரஸா, பாக்டீரியாவா?"
"ரெண்டும் சார்."
கொஞ்ச நேரம் பேச்சில்லை. வார்டில் ஏதோ கத்துகிறது.
"சரி. ரெண்டுக்கும் போடறேன்."

மூச்சுக்குழாயில் மயிரைவிட மெல்லிய மயிர்கள்,
ராப்பகலாய் மேல்நோக்கிக் கூட்டுகின்றன,
பழைய பஸ் ஸ்டாண்டில் விடியுமுன் கூட்டுகிறார்களே, அப்படி.
முதலில் வந்தது அந்தத் துடைப்பங்களைக் கருக்கியது,
சுவரை உரித்தது, போகத் தொடங்கியது.
காய்ச்சல் விட்டது என்று நாம் சொல்வது அதைத்தான்.
கூட்டுகிறவர்கள் திரும்பி வரவில்லை.
தொண்டையில் வெகுநாளாய்ச் சும்மா இருந்த ஒன்று
இறங்கியது.
பிரேக் தேவைப்படவில்லை அதற்கு.

படிக்கும்போது
ஒருவர் தொண்டையை ஒருவர் பஞ்சுக்குச்சியால் தடவி
ரத்தத் தட்டில் வளர்த்தோம்.
என் தட்டில் பச்சை வளையங்கள், இதே ஜாதி.
"உனக்கொன்றும் ஆகாது" என்றார் சார்.
பதினோரு வருடம் ஆகவில்லைதான்.
வாடகை இல்லை, சத்தம் இல்லை,
நான் பாடினால் அதுவும் அங்கேதான் இருந்திருக்கும்.

கம்ப்யூட்டரில் 'காரணம்' என்ற கட்டம்.
ஒன்றைத் தேர்ந்தால் மற்றது அழிகிறது.
மூன்று முறை பார்த்தேன்.
பிறகு தாளை எடுத்து இரண்டையும் எழுதி
நடுவே ஒரு கூட்டல் குறி போட்டேன்,
பின்பக்கம் புடைக்கும் அளவுக்கு அழுத்தி.

விடிகிறது. எக்ஸ்ரே வந்தது:
வலது நுரையீரலின் கீழ்ப்பாதி
மாக்னசைட் மேடு போல வெள்ளை.
ஆக்சிஜன் எண்பத்துநாலில் இருந்து எண்பத்தொன்பது.
இன்னும் ஒன்றும் சொல்வதற்கில்லை.

படியில் பாவாயி. கையில் அவர் செருப்பு.
"அந்த மூணு நாளு நல்லா இருந்தாரேங்க,
அது பொய்யுங்களா?"

"இல்லீங்க. நல்லாத்தான் இருந்தாரு."

"தட்டுவடை?"

"அதுவும் நிஜந்தாங்க."