ரெண்டு இஞ்ச்

தர்மபுரி நகராட்சியின் முப்பத்தோராம் வார்டு
முடிகிற இடத்தில் தார்ச்சாலை முடிவதில்லை.
அது பாட்டுக்குப் புளியனஅள்ளி ஊராட்சிக்குள் போகிறது.
எல்லைக்கல் ஒன்று இருந்ததாம்.
பார்த்தவர் இல்லை.

அங்கேதான் சிறுபாலம் உட்கார்ந்தது,
ஐப்பசி மழையில், ஒரு செவ்வாய் இரவு.
இடிந்தது என்று எழுதினால் பொறியாளர் திருத்துவார்:
"பழுதடைந்த நிலையில் உள்ளது."

நான் தபால் பிரிவு.
குழியை நேரில் பார்ப்பதற்கு முன்பே
பதினோரு முறை அதற்கு நம்பர் போட்டிருந்தேன்.
மேற்படி இடம் தங்கள் எல்லைக்குட்பட்டது என
இங்கிருந்து ஒரு கடிதம் போகும்.
மேற்படி இடம் தங்கள் எல்லைக்குட்பட்டது என
அங்கிருந்து ஒன்று வரும்.
அரைச் சாண் வரப்புக்காக அண்ணனும் தம்பியும்
கோர்ட் படியேறுகிற ஜில்லா இது.
மண்ணை இவ்வளவு தாராளமாக
விட்டுக்கொடுத்தவர்களை அதற்குமுன் கண்டதில்லை.

பஞ்சர் கடை நூருல்லா
குழிக்குள் ஒரு லாரி டயரை நட்டார்.
டயரில் யாரோ வேப்பங்கொம்பு செருகினார்கள்.
கொம்பில் யாரோ சிவப்புத் துணி.
மூன்றாம் நாள் கற்பூரக் கறை.
"சாமி ஆயிட்டா அப்புறம் கை வைக்க முடியாதுங்க,
சீக்கிரம் பாருங்க" என்றார்
கவுன்சிலர் சாந்தலட்சுமி, மன்றத்தில்.
சிரித்தார்கள்.
சிரிப்பு தீர்மானப் புத்தகத்தில் ஏறாது.
பொருள் ஒத்திவைக்கப்பட்டது.

சர்வேயர் தீர்த்தகிரி வந்தார்.
புலப்படத்தை பைக் சீட்டில் விரித்து
காற்றில் பறக்காமல் ஹெல்மெட்டை மேலே வைத்து
பதினோரு மணி டீ ஆறும்வரை அளந்தார்.
எல்லை குழியின் நடுவில் போனது.
டயரின் வால்வுக்கு நேராக.
நம்பாமல் இன்னொரு முறை அளந்தார்.
அடியில் ஒகேனக்கல் குடிநீர்க் குழாய்
யாரையும் கேட்காமல்
இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

இதற்கிடையில் அங்கே தலைவர் சென்றாயனின்
பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் வந்தார்.
இங்கே ஆணையர் மாறினார்.
குழி பதவியில் நீடித்தது.

மாசியில், விடியுமுன்,
பால் வண்டி பச்சையப்பன் அதில் விழுந்தார்.
ஆள் விழுந்தது நகராட்சியில்.
பால் ஓடியது ஊராட்சியில்.
நிவாரணம் கேட்ட மனுவை
எந்தப் பதிவேட்டில் ஏற்றுவது என்று
அரை நாள் கையில் வைத்திருந்தேன்.
அதை இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

சித்திரையில் வேலை நடந்தது, பாதிப் பாதி.
இரண்டு டெண்டர், இரண்டு ஜல்லிக் குவியல்,
கலவை மிஷின் மட்டும் ஒன்று, மாறி மாறி வாடகைக்கு.
அவரவர் எல்லை வரை
அவரவர் எஸ்டிமேட்படி கான்கிரீட் போட்டார்கள்.
நடுவில் ரெண்டு இஞ்ச் வித்தியாசம்.
நாங்கள் மேலே.
"எங்க லெவல் கரெக்ட்" என்று
இரண்டு ஒப்பந்ததாரர்களும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.
இரண்டு கடிதமும் என்னிடம் இருக்கிறது.

இப்போது டவுன் பஸ் அங்கே நின்றுதான் ஏறுகிறது.
நிற்கிற பஸ்ஸில் ஆள் ஏறத் தொடங்கினார்கள்.
"ரெண்டு இஞ்செல்லாம் எறங்கு" என்கிறார் கண்டக்டர்.
நூருல்லா போர்டு மாற்றிவிட்டார்.
போன மாதம் ஒரு கல்யாணப் பத்திரிகையில்
வழி: ரெண்டு இஞ்ச் ஸ்டாப்.

நேற்று மதியம் ஒரு மனு.
தெருவிளக்கு வேண்டி.
ரெண்டு இஞ்ச் குடியிருப்போர் நலச் சங்கம்.
நாற்பத்தியொரு கையெழுத்து,
எது எங்கள் வாக்காளர், எது அவர்களுடையது என்று
பிரிக்க முடியாதபடி கலந்து.
ஏழாவது பச்சையப்பன்.
எலும்பு கூடிய கையின் எழுத்து
கொஞ்சம் மேலேறிப் போகிறது.

முத்திரை குத்தினேன்.
தேதி போட்டேன்.
வார்டு எண் என்ற கட்டத்தில்
பேனா சற்று நின்றது.
பிறகு எழுதினேன்: ரெண்டு இஞ்ச்.
ஆடிட் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.