காலி எடை

குருபரப்பள்ளி தாண்டி
சர்வீஸ் ரோட்டோரம் எங்கள் எடைமேடை.
பின்னாலேயே வீடு, அதனால் ராத்திரி என் பங்கு.
கல் லாரி ஏறும். வண்டி நம்பர் கேட்பேன்.
சிவப்பு எண்கள் ஆடி ஆடி நிற்கும்வரை
மூச்சைக் கொஞ்சம் பிடித்துக்கொள்வேன்.
மொத்த எடையில் காலி எடை போனால் சரக்கு.
பதினோரு வருஷமாக
இந்த ஒரே கழித்தல்தான் எனக்குச் சோறு.

முதுகு, மூன்று வருஷமாக.
எல் நாலுக்கும் எல் அஞ்சுக்கும் நடுவில்
ஏதோ பிதுங்கியிருக்கிறதாம்.
படத்தைத் தூக்கி டியூப்லைட்டில் காட்டினார் டாக்டர்.
சரியாக அடுக்காத கல் லோடு மாதிரி இருந்தது,
இந்த வண்டியை ரோட்டில் விடமாட்டார்கள் என்று நினைத்தேன்.
"எடையைக் குறைங்கம்மா. பதினஞ்சு கிலோ.
அப்புறம் பேசலாம்."
யாரிடம் எடையைப் பற்றிப் பேசுகிறோம் என்று
அவருக்குத் தெரியாது.
சீட்டில் முனியம்மா என்று எழுதியிருந்தார்.
நான் முனிரத்னா.

நடக்கச் சொன்னார்.
நடந்தால் இடுப்பிலிருந்து கெண்டைக்கால்வரை
காய்ச்சின கம்பி ஒன்று இறங்குகிறது.
வலிக்கிறதென்று உட்கார்ந்தேன்,
உட்கார்ந்து பெருத்தேன்,
பெருத்ததால் வலித்தது.
முடிச்சை எந்தப் பக்கம் அவிழ்ப்பது?

கொழுத்தவளுக்குக் கொள்ளு என்றாள் டீக்கடை சின்னபாப்பா.
மூன்று மாதம் கொள்ளு ரசம்.
வயிறு மட்டும் ராத்திரியெல்லாம் பேசியது.
களி உருண்டையைப் பாதியாக்கினேன்.
மீதிப் பாதி சட்டியிலிருந்து என்னையே பார்க்கும்.
கட்டிலை விட்டு எழுவதற்கு ஒரு முறை இருக்கிறது:
பக்கவாட்டில் புரண்டு, கையை ஊன்றி,
சாமியைக் கூப்பிட்டு அல்லது யாரையாவது திட்டி.
திட்டினால்தான் சீக்கிரம் எழ முடிகிறது.

ஆனியில் கல்லோடு மாங்காயும் வரும்,
கூழ் கம்பெனிக்குப் போகிற வண்டிகள்.
திம்மராயன் சீட்டை வாங்கும்போது
ஜன்னல் கம்பிக்குள் ஒரு செந்தூராவை நுழைப்பான்.
"ஒண்ணுதாங்க்கா."
மேஜைமேல் வைத்து விடியும்வரை
வாசனையோடு மட்டும் இருந்த ராத்திரிகள் உண்டு.
கொட்டையைக்கூட விடாத ராத்திரிகளும் உண்டு.
இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

வண்டி இல்லாத ஒரு இரண்டு மணிக்கு
மேடையில் ஏறினேன்.
அறுபது அடி, மேடு பள்ளம் இல்லை,
நாய் இல்லை, பார்க்க ஆள் இல்லை.
வெளியே தொங்கும் பெரிய போர்டில் 100 என்று விழுந்தது.
மருந்துக்கடை மிஷினில் நான் தொண்ணூற்று மூன்று.
மேடைக்கு இருபது இருபதாகத்தான் எண்ணத் தெரியும்,
நடுவில் இருக்கிறவளைப் பக்கத்து எண்ணில் தள்ளிவிடும்.

அன்றிலிருந்து அங்கேதான் நடக்கிறேன்.
முதல் நாள் நான்கு முறை.
ஒரு வாரம் ஒன்றுமில்லை, படுத்தே கிடந்தேன்.
பிறகு ஆறு. பிறகு மழை.
பிறகு மறுபடி நான்கிலிருந்து.
வெளிச்சத்துக்கு வந்த பூச்சிகள்
என்னைவிட ஒழுங்காகச் சுற்றின.

ஐப்பசியில் ஒரு ராத்திரி போர்டு 80 என்றது.
மருந்துக்கடையில் எண்பத்தொன்பது. நான்கு கிலோதான்.
ஆனால் மேடை இருபது குறைந்தது என்கிறது.
மேடையிடம் யார் வாதாடுவது?
உள்ளே வந்து நின்ற பின் எண் பூஜ்யமாகிவிட்டது என்பதால்
கையாலேயே எழுதினேன் சீட்டை.
வண்டி நம்பர்: இல்லை.
மொத்த எடை: 80.
காலி எடை என்கிற இடத்தில் பேனா நின்றது.
வலியை இறக்கிவைத்துவிட்டு
நான் ஒரு தரம்கூட ஏறியதில்லையே.

மறுபடி போய் மேடையில் நின்றேன்.
ஹாரன்.
திம்மராயன் முகப்பு விளக்கைத் தணித்து,
தலையை வெளியே நீட்டினான்.
"எக்கா, எறங்குங்க. இல்லேன்னா
எங்க மொதலாளி உங்களுக்கும் சேத்து வாடகை கேப்பாரு."

சிரித்தால் முதுகில் பிடிக்கும்.
சிரித்தேன். பிடித்தது.
இடது காலை முதலில் வைத்து,
கம்பியைப் பிடித்துக்கொண்டு,
மெதுவாக இறங்கினேன்.
அவன் அவசரப்படுத்தவில்லை.
போர்டு எனக்குப் பின்னால் பூஜ்யத்துக்குப் போனது.
"நம்பர் சொல்லு" என்றேன்.