நாணயஸ்தர்

வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்து
முழங்கையில் ரொட்டித்தூளும்
முடிக்குள் மீன்வாடையுமாக
கார்வானின் மூலைக்கடைக்குள் நுழைவேன்.
பால். ரொட்டி. அப்புறம் அந்தப் பச்சை அட்டை.
"டிவிக்கா?" என்பான்.
"டிவிக்குத்தான்."

மூன்று பவுண்டு முப்பத்தைந்து,
பெரும்பாலும் சில்லறையாக.
அவன் எண்ணுவதில்லை.
இயந்திரம் ஒருமுறை செருமிவிட்டு
பழிப்புக் காட்டுவதுபோல்
ரசீதை வெளியே நீட்டும்.

அட்டையில் இருப்பது என் பெயர் அல்ல.
திரு. கிரெய்க் சோவர்பி,
பதினேழு, ரட்லண்ட் தெரு, கிரிம்ஸ்பி.

கிரெய்க் போய் இரண்டு வருஷம்.
போகும்போது
டூல்பாக்ஸை எடுத்துக்கொண்டான்,
தூண்டில்காரர்கள் உட்காரும் மடக்கு நாற்காலியை,
நல்ல கெட்டிலை,
நாயை.
டிவியை மட்டும் விட்டுவிட்டான்.
திரையின் இடது ஓரம்
ஒரு பச்சைக் கோடு விழுந்திருந்தது.

அவனைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.
திங்கள் தர வேண்டிய வாடகைக்கு
வியாழன் என்பான்.
வியாழக்கிழமை வீட்டில் இருக்கமாட்டான்.
தம்பியிடம் தவணை, மெக்கானிக்கிடம் தவணை,
என் கல்யாண மோதிரத்துக்கே
பன்னிரண்டு தவணை.
முதலாவதை அவன் கட்டினான்.

அவன்தான் இப்போது
எங்கோ ஓர் அலுவலகத்தின் கணினிக்குள்
ஒரு வாரம்கூடத் தவறாமல்
வந்து நிற்கிறான்.
என் பையிலிருந்து போவது வெறும் நாணயம்,
அங்கே போய்ச் சேர்ந்ததும்
அது அவனுடைய நாணயம்.

ஒரே ஒருமுறை, நவம்பரில்,
பாய்லர் ரிப்பேருக்குக் கொடுத்ததில்
இரண்டு வாரம் விட்டுப்போயிற்று.
சிவப்புக் கோடு போட்டுக் கடிதம் வந்தது:
அன்புள்ள திரு. சோவர்பி,
எங்கள் அதிகாரி உங்கள் வீட்டுக்கு வரக்கூடும்.
வரட்டும்.
சோபாவுக்கு அடியில், பரணில்
எங்கே வேண்டுமானாலும் தேடட்டும்.
ஆள் அகப்பட்டால்
கெட்டிலைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்கட்டும்.

ஜனவரியில் எனக்கு ரோஷம் வந்தது.
போன் செய்தேன்.
முப்பத்தொரு நிமிஷம் பியானோ.
பிறகு ஒரு பையன்,
குரல் உடைந்து அதிக நாள் ஆகியிருக்காது.

பெயரை மாற்ற வேண்டும் என்றேன்.
கொஞ்சம் தயங்கி, தணிந்த குரலில்,
"திரு. சோவர்பி... தவறிவிட்டாரா?"
"இல்லை, ஸ்கெக்னஸில் இருக்கிறார்."
"ஓ," என்றான்.
தட்டச்சும் சத்தம் கேட்டது.
அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறதோ என்னவோ.

மாற்றலாம் மேடம், என்றான்.
ஆனால் நீங்கள் புது ஆள்.
புது ஆளுக்கு முதல் ஆறு மாதம்
தவணை இரட்டிப்பு.
திரு. சோவர்பி பழைய வாடிக்கையாளர்,
அவருடைய கணக்கு ரொம்பச் சுத்தம்.

ரொம்பச் சுத்தம்.

ஜன்னலில் ஈரம் கோத்திருந்தது.
கேஸ் மீட்டரில் நாலு பவுண்டு மிச்சம்.
இந்த வீட்டில் பத்தொன்பது வருஷமாக நான்
புது ஆள்.

மனசுக்குள் ஒரு சின்னக் கணக்குப் போட்டேன்.
வாரத்துக்கு மூன்று முப்பத்தைந்து கூடுதல்.
ஒரு மனுஷனை வீட்டைவிட்டு முழுசாக அனுப்ப
அது ஒன்றும் அதிகமில்லை.
ஜூலையில் என்றால் கொடுத்திருப்பேன்.

"அப்படியே இருக்கட்டும்," என்றேன்.
"ஏப்ரலில் கூப்பிடுகிறேன்.
குளிர் போகட்டும்.
அதுவரை அவர் இங்கேயே இருந்துகொள்ளட்டும்."
வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று
அவன் கேட்டான், பாவம்.

இன்று வெள்ளி. கட்டிவிட்டேன்.
கார்வான் ரசீதைக் கிழித்துக் கொடுத்து
"நன்றி, மிஸ்டர் சோவர்பி," என்றான்,
அதில் அச்சாகியிருந்ததை அப்படியே படித்து.
இருவரும் சிரித்தோம்,
நான் கொஞ்சம் அதிகமாக.

ராத்திரி, கோட்டைக் கழற்றாமலே
சோபாவில் அவன் பக்கம் உட்கார்ந்து
வானிலை பார்க்கிறேன்.
பச்சைக் கோட்டுக்கு வலப்பக்கம்
கரையோரமாக மேகம் இறங்குகிறது.
ஸ்கெக்னஸில் விடிய விடிய மழையாம்,
பலத்த காற்றாம்.

சத்தத்தைக் கூட்டி வைக்கிறேன்.
காசு கட்டித்தானே பார்க்கிறேன்.