ஐஸ்கணக்கு 0.1-2

காசிமேடு, ஐஸ் ஃபேக்டரி, இரவு இரண்டரை.
கம்ப்ரசர் ஓடினால் மேஜை நடுங்கும்,
மேஜை நடுங்கினால்
பர்மா பஜாரில் ஏழாயிரத்துக்கு வாங்கிய என் லேப்டாப்
ஒற்றைக் கீலில் தலையாட்டும்.

எந்தப் படகு எத்தனை பார் எடுத்தது,
யார் பாக்கி எவ்வளவு:
இதற்கொரு புரோகிராம், எட்டு மாதமாய் எழுதியது.
என் பொட்டியில் ஓடுகிறது.
இனி மூட்டை கட்ட வேண்டும்,
ஏலக்கூடத்து கம்ப்யூட்டரில் சகாயராஜ்
ஒரே தட்டில் இறக்கிக்கொள்ளும்படி.

மூட்டைக்குப் பெயர் கேட்டது.
ஐஸ்கணக்கு என்றேன்.
தமிழ் கூடாதாம், பெரிய எழுத்தும் கூடாதாம்.
ஆங்கிலச் சின்ன எழுத்தில்
நடுவில் ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு
குனிந்து உள்ளே போனது பெயர்.

எது எது இருந்தால் இது ஓடும் என்று அடுத்த கேள்வி.
எனக்குத் தெரியாதா?
டீசல், ஐஸ், குடிதண்ணீர், அரிசி.
ஒன்று குறைந்தாலும் படகு கயிறு அவிழ்க்காது.
பீடி, சீட்டுக்கட்டு: இருந்தால் நல்லது.
அதற்கும் தனி வரி வைத்திருக்கிறான்
எவனோ கடலுக்குப் போனவன்.

கட்டச் சொன்னேன்.
நான்காம் வரியில் பிரிப்பான் இல்லை என்றது.
இருக்கிறது, கண்ணெதிரே இருக்கிறது.
மறுபடி கட்டினேன். இல்லை.
நடுவில் ஒரு லோடு வந்தது, நாற்பது பார்,
ஏற்றிவிட்டு ஈரக் கையோடு வந்து மறுபடி கட்டினேன்.
இல்லை.

கர்சரை மெல்ல நகர்த்திப் பார்த்தேன்.
ஒரே தாவாகத் தாவ வேண்டிய இடத்தில்
எட்டு அடி எடுத்து வைத்தது.
எட்டு ஸ்பேஸ். அங்கே வேண்டியது ஒரு டேப்.
நல்ல தண்ணி ஐஸும் உப்புத்தண்ணி ஐஸும்
நக்கிப் பார்க்கும்வரை ஒன்றுதானே.

பராமரிப்பவர் யார் என்றது.
பதினோரு வருஷ லெட்ஜரில்
எழுத்து என்னுடையது, முகப்பில் பெயர் முதலாளியுடையது.
அமலோற்பவம் என்று ஆங்கிலத்தில் அடித்தேன்.
எழுத்துக் கூட்டவே மூன்று தரம்.

விடியும் முன் கட்டிக் கொடுத்தது.
நாற்பது கேபி. பென் டிரைவை இடுப்பில் சொருகிக்கொண்டு
ஏலக்கூடத்துக்கு நடந்தேன்.

"இன்னாக்கா, ஓடலியே."
எங்கிட்ட ஓடுதே.
"அப்ப உன் பொட்டியயே கொண்டாந்து வெச்சிடு."

என்றோ ஒரு புயல் லீவில்
வேறெதற்கோ இறக்கி மறந்துபோன குட்டி லைப்ரரி ஒன்று
இத்தனை நாளும் அடியில் நின்று தாங்கியிருக்கிறது.
அதன் பெயரை நான் எங்கும் எழுதவில்லை.

ஒரு காற்புள்ளி போட்டு எழுதினேன்.
ஒன்றை இரண்டாக்கினேன்.
மாற்றக் குறிப்பில் செவ்வாய் என்று போட
கிழமை தப்பு என்று கத்தியது.

நான் இன்னும் தூங்கவில்லை,
எனக்குச் செவ்வாய்தான்.
புதன் என்று திருத்தினேன்.
வெளியே வஞ்சிரத்துக்கு ஏலம் ஆரம்பித்திருந்தார்கள்.