நாற்பத்து மூன்று

ரோட்டர்டாமில் ஒரு மீன்கடைக்கு மேல்மாடி.
பதினோரு பாட்டும் அங்கேதான் பதிந்தோம்,
அடில்சனின் முதல் ஆல்பம்.
கீழே ஃப்ரீசர் உறுமும்போதெல்லாம்
மைக்கை அணைப்போம்.
ஆறாவது பாட்டில் மறந்துவிட்டோம்.

வெள்ளிக்கிழமை விமர்சனங்கள் வந்தன.
'ஆறாவது பாடலின் அடியில் ஓடும் முனகல்
துறைமுகத் தொழிலாளியின்
நூற்றாண்டுக் களைப்பு' என்றது ஒன்று.
மீன்கடை பெல்மிரோவிடம் வாசித்துக் காட்டினேன்.
கம்ப்ரசரை மாத்தணும் என்றார்.

இன்னொருவர் ஆல்பத்தைக் கேட்கவேயில்லை.
அட்டைப்படத்துச் சட்டையைப் பற்றி அரைப் பத்தி.

ரூட்கர் வெய்ன்ஸ்ட்ரா கேட்டிருந்தார்.
ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்.
'தாளம் தேறும். சொற்பஞ்சம்.
அம்மா என்ற சொல் மட்டும் நாற்பத்தொரு தடவை.'

அடில்சன் திட்டவில்லை.
கண்டெய்னர் முனையத்தில் இரவு ஷிப்ட் முடிந்து
ஆரஞ்சு மேல்சட்டையைக் கழற்றாமலே
ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.
விரல் போதாமல்
மீன் மடிக்கும் தாளில் கோடு கிழித்தான்.

நாப்பத்து மூணு.

மறுபடி முதலிலிருந்து.
நாப்பத்து மூணுதான்.

எந்த இரண்டு என்று தேடினோம்.
ஒன்று, ஒன்பதாவது பாட்டில்
அவன் மூச்சிழுக்கும் இடத்தில்,
மூச்சோடு மூச்சாக.
மற்றது கடைசிப் பாட்டு முடிந்து
நான் பதிவை நிறுத்துமுன்,
அடுத்த அறையைப் பார்த்துக் கூப்பிட்டதுபோல்.
அடுத்த அறை கிடையாது அங்கே.

"மறுபதிப்பில் வெட்டிடவா?"

தாளை நாலாக மடித்தான்.
"குடுத்த நட்சத்திரம் ரெண்டு,
கேக்காமப் போனது ரெண்டு.
கணக்கு நேராயிடுச்சு, விடு."

எனக்கு நேரானதாகப் படவில்லை.
வெட்டவும் இல்லை.