ஏழாவது துளை

எங்கள் நிலத்தில் ஏழு துளைகள்.
ஐந்துக்குக் கல் மூடி.
மூன்றாவது மட்டும் இருபது நிமிஷம் ஓடும்,
பிறகு இருமும்.

ஏழாவதுக்கு முன் தேங்காய்க்காரர் வந்தார்.
அவர் உள்ளங்கையில் தேங்காய் எழுந்து நின்ற இடத்தில்
சுண்ணாம்பால் ஒரு பெருக்கல் குறி.
ராத்திரி பதினொன்றுக்குத் திருச்செங்கோட்டு வண்டி.
அடிக்கு இவ்வளவு என்று பேசி,
ஆழம் போகப் போக ரேட்டு ஏறும் என்று பேசி,
கேசிங் பைப் தனி என்று பேசி,
விடியும்போது ஆயிரத்து நூற்று நாற்பது.
வந்தது வெள்ளைப் புகை.
கூரை, தக்காளி நாற்று, எருமையின் இமை
எல்லாம் மாவு பூசிக்கொண்டன,
என் கொலுசு தவிர.
அது அடகுக்கடையில் பத்திரமாக இருந்தது.

"பாறை நல்லா பாறை அக்கா" என்றான்
வண்டியோடு வந்த ஒடிசாப் பையன்.
ஆறுதலாகத்தான் சொன்னான்.

மாரண்டஅள்ளிப் பக்கம் மழை இல்லாமல் இல்லை.
வரும், புரட்டாசியில்,
குழுக்கடன் வசூலுக்கு வருகிறவன் போல.
ஒரு மணி நேரம் வாசலில் நின்று கத்திவிட்டு
இருக்கிற செம்மண்ணையும் வாரிக்கொண்டு
சின்னாற்றுக்குப் போய்விடும்.
ஒரு தடவை வரப்பை உடைத்துப் போன தண்ணீருக்குப் பின்னால்
குடத்தோடு ஓடினேன்.
சிரிக்காதீர்கள்.

ஓடும்போதுதான் தோன்றியது,
எடுக்க மட்டும் ஏழு முறை போயிருக்கிறோம்
அந்த வீட்டுக்கு,
ஒரு முறையும் கையில் எதுவும் கொண்டுபோனதில்லை.

ஏழாவதைச் சுற்றிக் குழி வெட்டினேன்.
ஆள் ஆழம், இரண்டு கட்டில் அகலம்.
ஆணியைக் காய்ச்சிக் கேசிங்கில் ஓட்டை போட்டு
நைலான் வலை சுற்றினேன்.
அடியில் உருண்டைக் கல், அதன்மேல் ஜல்லி,
அடுப்புக்கரி, கடைசியில் மணல்.
சேறு தங்கிப்போக முன்னால் ஒரு சின்னப் பள்ளம்.
அவர் பெங்களூரில் சென்ட்ரிங் வேலையில் இருந்தார்.
"குழியில காசு போட்டது போதாதுன்னு
குழிக்கே ஒரு குழியா" என்று
போனை வைத்துவிட்டார்.

மழை வந்தது.
உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றேன்.
குழி குடித்தது.
நடுவில் ஒரு ஏப்பம் விட்டது,
பச்சைப்பிள்ளை மாதிரி.
பிறகு மறுபடி குடித்தது.

பங்குனியில் பார்த்தேன்.
எங்கள் மூன்றாவது அதே இருபது நிமிஷம், அதே இருமல்.
வரப்புக்கு அந்தப் பக்கம்
மாதப்பன் மோட்டார் நாற்பது நிமிஷம் ஓடியது.
மறுநாள் ஐம்பது.

மாதப்பனோடு எங்களுக்குப் பேச்சில்லை, ஆறு வருஷமாக.
ஒன்றே கால் அடி வரப்பு, ஒரு புளியமரம்,
இரண்டு பக்கமும் டீ குடித்துப் போன ஒரு சர்வேயர்.
பாறைக்குள் விரிசல் எந்தப் பக்கம் ஓடுகிறதென்று
அவர் கொடுத்த காகிதத்தில் இல்லை.
சர்வே நம்பர்
மண்வெட்டி ஆழத்துக்குத்தான் இறங்கும் போல.

மும்முனைக் கரண்ட் வந்த ஒரு ராத்திரி
வரப்பில் உட்கார்ந்து
அவன் சொட்டுக்குழாயைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.
ஒவ்வொரு தக்காளியின் காலடியிலும்
என் மழை, சொட்டுச் சொட்டாக, பெயர் சொல்லாமல்.
எட்டி ஒரு சொட்டு நாக்கில் வாங்கினேன்.
எங்கள் ஊர்ப் பல்லையெல்லாம் மஞ்சளாக்கிய அந்தப் பழைய ருசி
கொஞ்சம் குறைந்திருந்தது,
அல்லது அப்படி நினைத்துக்கொண்டேன்.
குழியை மூடிவிடலாமா என்றும் நினைத்தேன்.
ஒரு மூட்டை சிமெண்டு போதும்.
மூடவில்லை.
நியாயம் பார்த்து இல்லை,
சிமெண்டு விலை பார்த்து.

வைகாசியில் ஒரு காலை
தக்காளியை ராயக்கோட்டை மண்டிக்கு ஏற்றிவிட்டு வந்தவன்
வரப்போரம் வண்டியை நிறுத்தினான்.
குழியைப் பார்த்தான்.
வானத்தைப் பார்த்தான்.
புளியமரத்தைப் பார்க்கவில்லை.
"ஜல்லி எத்தனை லோடு?"

ஆறு வருஷத்தில் முதல் வார்த்தை.

"ரெண்டு" என்றேன்.
நான் போட்டது ஒன்றரை.