காதுக்கு எட்டிய தூரத்தில்

இசொகாய் தகேருவைப் பற்றிச் சொல்ல
என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள்.
அவன் கோல் அடித்ததைக் கொண்டாடியவர்கள்.
நான் அவனை அடிக்கவிடாதவன்.
பல பருவங்களில் பத்தொன்பது ஆட்டம்
என் இடக்கை அவன் முதுகில் இருந்தது.
வியர்வையில் ஒட்டிய சட்டைக்குள்
எந்த எலும்பு எங்கே புடைத்திருக்கும் என்று
அவன் மனைவிக்குத் தெரியுமோ என்னவோ,
எனக்குத் தெரியும்.

முதன்முதல் தொத்தோரியில். மழை.
பதினெட்டு வயசு, முப்பத்தொன்பதாம் எண்,
ஓரளவு பெரிய சட்டை, தோளில் நிற்காமல் வழிந்தது.
"சின்னப் பையன், நீ பார்த்துக்கொள்" என்றார்கள்.
பந்து எங்கோ எதிர்ப்பக்கம்.
அப்போதுதான் என் தாடைக்குக் கீழே
யாரோ முணுமுணுப்பது கேட்டது:
பொறு. பொறு. பொறு.

என்னைத்தான் சொல்கிறான் என்று
கணுக்காலில் ஒன்று கொடுத்தேன்.
மஞ்சள் அட்டை. ஃப்ரீ கிக்.
பொறு, என்றான் மறுபடி, என்னைப் பார்க்காமல்.
பிறகு பேச்சு நின்றது.
நின்ற அந்த நொடி ஓடினான்.
வலை குலுங்கி மழைநீரை உதறியது.

அடுத்த ஆட்டத்திலிருந்து
நான் பந்தைப் பார்ப்பதை விட்டேன்.
கேட்டேன்.
அவன் வாய் ஓய்ந்ததும் ஓர் அடி முன்னே வைப்பேன்,
கையைத் தூக்குவேன்.
கோட்டோரம் கொடி எழும்.
ஆஃப்சைடு.
மறுபடி ஆஃப்சைடு.
எழுதி எழுதியே அவனை
அவசரக்காரன் ஆக்கிவிட்டார்கள் நிருபர்கள்,
நான் பார்த்ததிலேயே பொறுமையான ஒருவனை.

பயிற்சியாளரிடமும் நான் சொல்லவில்லை.
காதும் காதும் வைத்தாற்போல் என்பார்களே,
அதில் ஒரு காது என்னுடையது.
இன்னொரு காது யாருக்கும் தரவில்லை.

இருபத்துநான்கில் பெல்ஜியம் போனான்.
பனி மூடிய பெஞ்சு.
ஒரு பருவம் முழுக்க இருநூற்றுப் பதினான்கு நிமிடம்,
ஒரு கோல், அதுவும் தோளில் பட்டுப் போனது.
அங்கே எவனுக்கும் அவன் சொல் புரிந்திருக்காது.
புரியாத சொல்லும் நிற்கத்தானே செய்யும்?
அவர்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இடது முழங்காலைத் தைத்துக்கொண்டு திரும்பினான்.
இரண்டாம் டிவிஷன், பிறகு மூன்றாவது.
எண்பது நிமிடம் ஆனபின்தான் அழைப்பு,
மாற்றுப் பலகையில் பச்சையாக மின்னும் எண்.
மாட்சுமோட்டோ, கித்தாக்யூஷு, இமபாரி;
சட்டையின் நிறம் மாறும், முதுகு அதே முதுகு.
நானும் அதே ஏணியில்தான் இறங்கிக்கொண்டிருந்தேன்,
அவனுக்கு ஒரு படி கீழே.

நுமாசுவில் ஒரு முறை
அவன் அணிக்காக நாற்பது பேர் வந்திருந்தார்கள்.
ஒரே ஒரு முரசு. தொண்ணூறு நிமிடமும் ஓயவில்லை.
எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.
மூன்று கோல்.

முப்பத்தாறில் விடைபெற்றான்.
ஆயிரத்துச் சொச்சம் பேர், ஒரு பூங்கொத்து,
கரகரத்த ஒலிபெருக்கியில் கணக்கு வாசித்தார்கள்:
நூற்றுப் பதினேழு.
என் கைவசம் உள்ள மீதியை யாரும் வாசிக்கவில்லை.
டயர் கடையில் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு வந்த என்னை
பழைய ஆட்டக்காரன் என்று உள்ளே விட்டார்கள்.
நடைவழியில், முழங்காலில் ஐஸ் கட்டி
உட்கார்ந்திருந்தான்.

"குசாகாசான், ஒன்று கேட்கவேண்டும்.
நான் ஓடப்போவது உங்களுக்கு மட்டும்
எப்படித் தெரிந்தது?"

"நீதான் பேசுவாயே."

"நானா?"

பொய்யில்லை அந்த முகத்தில்.
பதினெட்டு வருஷம் தன் வாயில் இருந்த சொல்லை
அவன் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

"என்ன பேசுவேன்?"

ஐஸ் உருகி சிமெண்டுத் தரையில் சொட்டியது.
வெளியே கோல் கம்பங்களைக் கழற்றும் சத்தம்.
அவன் காத்திருந்தான்,
அவனுக்குத் தெரிந்த வேலை அது.
எனக்குள் எவனோ
பொறு, பொறு என்றான்.

பிறகு பேச்சு நின்றது.